ஏழாம் மாதத்தில் பல்வலி: எந்த மாத்திரை ஆகும், எது ஆகாது?

கேள்வி இதுதான். கேட்டவரின் தங்கைக்கு 26 வாரக் கர்ப்பம், தலைப்பிரசவம். கீழ் வலது கடைவாய்ப்பல்லில் நான்கு நாட்களாக வலி. இரவில் தூக்கமில்லை, நேற்றிலிருந்து கன்னமும் லேசாக வீங்கியிருக்கிறது. “வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பல்லுக்கு ஊசி போடக் கூடாது” என்று மாமியார் தடுக்கிறார். பக்கத்துப் பல் மருத்துவமனையிலும் பிரசவம் முடிந்து வரச் சொல்லிவிட்டார்கள். தெருமுனை மருந்துக்கடையில் ஒரு செட் மாத்திரை வாங்கி இரண்டு வேளை கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொடரலாமா? பல்லை இப்போதே பார்க்கலாமா? பிரசவத்துக்குப் பிறகு பார்ப்பதானால், மாத்திரை சாப்பிடும் நாட்களில் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

நான் பல் மருத்துவர். 18 ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பல் பார்த்துவருகிறேன். மூன்று கேள்விகளுக்கும் நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த செட் மாத்திரையை இனி ஒரு வேளைகூடக் கொடுக்காதீர்கள். பல்லை இப்போதே பார்க்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இனி காரணங்கள்.

‘செட்’ என்றால் என்னவென்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பல்வலி என்று சொன்னால் போதும், கடைக்காரர் நான்கைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டு, ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று கொடுத்துவிடுவார். வாங்கப் போனவர் கணவராகவோ அண்ணனாகவோ இருந்தால், சாப்பிடப் போகிறவர் கர்ப்பிணி என்பதை அவர் கேட்பதும் இல்லை, இவர் சொல்வதும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் மாதத்தில் ஒரு பெண் அப்படியோர் உறையோடு என்னிடம் வந்தார். உறையை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். நான்கு விதம். எல்லாமே துண்டு துண்டாகக் கத்தரித்தவை. பெயர் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிட்டது. ஒன்றின் முதுகில் மட்டும் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் தெரிந்தன. உறையில் இருந்த எண்ணுக்குப் பேசி ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். டைக்ளோஃபினாக்கும் செராஷியோபெப்டிடேஸும் கலந்தது ஒன்று. ஆஃப்லாக்ஸசினும் ஆர்னிடசோலும் கலந்தது ஒன்று. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஒன்று. நெஞ்செரிச்சலுக்கு பேன்டோப்ரசோல் ஒன்று. நான்கில் அந்தப் பெண்ணுக்கு அந்த மாதத்தில் தயங்காமல் தந்திருக்கக்கூடியது கடைசி மாத்திரை மட்டும்தான். அவர் அதற்குள் மூன்று வேளை விழுங்கியிருந்தார். உடனே அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் பேசி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். பனிக்குட நீர் அளவு சரியாக இருக்கிறது என்று மாலையில் தகவல் வரும்வரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பனிக்குட நீரை ஏன் பார்க்கச் சொன்னேன் என்பதில்தான் உங்கள் தங்கையின் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக், கெட்டோரோலாக், மெஃபெனமிக் அமிலம், நிமெசுலைட் ஆகிய வலி மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாவதைத் தடுத்து வலியையும் வீக்கத்தையும் குறைப்பவை. அதே புரோஸ்டாகிளாண்டின்தான் குழந்தையின் சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போவதற்கும் துணை நிற்கிறது. அது குறைந்தால் சிறுநீர் குறையும், சிறுநீர் குறைந்தால் பனிக்குட நீர் வற்றும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில் இதைச் சொல்லி, 20 வாரத்துக்கு மேல் இந்தக் குடும்பத்து மாத்திரைகளைத் தவிர்க்குமாறு எச்சரித்தது. 30 வாரத்துக்கு மேல் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் இதயத்தை ஒட்டிய ஒரு குறுக்குக் குழாய் வழியாக ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பிறந்த பிறகு மூட வேண்டிய அந்தக் குழாய், இந்த மாத்திரைகளால் வயிற்றிலேயே சுருங்கத் தொடங்கலாம்.

26 வாரம் என்றால் உங்கள் தங்கை அந்த 20 வாரக் கோட்டைத் தாண்டிவிட்டார். காம்பிஃப்ளாம் போன்றவற்றில் பாராசிட்டமாலோடு இபுபுரூஃபனும் கலந்திருக்கிறது. ‘இதில் பாராசிட்டமால்தானே இருக்கிறது’ என்று நினைத்து ஏமாறக் கூடாது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் கெட்டோரோலாக் மாத்திரையைப் பல்வலிக்கென்றே பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அதுவும் இதே குடும்பம். ஏற்கெனவே இரண்டு வேளை போய்விட்டதே என்று பதற வேண்டாம். நீர் குறைவது பெரும்பாலும் பல நாட்கள் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் காணப்படுவது, மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பச் சரியாகிவிடுவது. ஆனால் இரண்டே நாளில் தொடங்கியதும் உண்டு. ஆகவே என்ன மாத்திரை, எத்தனை வேளை என்பதை மகப்பேறு மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு விதிவிலக்கும் உண்டு. ரத்த அழுத்தம் ஏறாமல் இருப்பதற்காகச் சில கர்ப்பிணிகளுக்கு 75 அல்லது 150 மில்லிகிராம் ஆஸ்பிரினை மகப்பேறு மருத்துவரே கொடுத்திருப்பார். அந்தச் சிறு அளவு வேறு நோக்கத்துக்கானது. நான் எழுதியதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது.

வலிக்கு எதைக் கொடுப்பது? பாராசிட்டமால். கர்ப்பத்தின் ஒன்பது மாதமும், பால் கொடுக்கும் காலத்திலும் முதல் தேர்வு அதுதான். 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், தேவைப்படும் நாட்களுக்கு மட்டும். நான் ஒரு நாளில் 3 கிராமைத் தாண்ட விடுவதில்லை. கல்லீரலில் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சளி மாத்திரைகளிலும் காய்ச்சல் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடிவிடும்.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு பாராசிட்டமாலையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திப் பேசியதிலிருந்து, இதைக் கேட்காத கர்ப்பிணியே இல்லை. ஸ்வீடனில் 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2024இல் வெளியானது. அதில் ஒரே தாயின் பிள்ளைகளை, ஒரு கர்ப்பத்தில் மாத்திரை சாப்பிட்டு இன்னொன்றில் சாப்பிடாதவர்களை, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆட்டிசத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பு தெரியவில்லை. அரசியல் மேடையில் சொன்னதைவிட அந்த ஒப்பீட்டை நான் நம்புகிறேன். காரணமின்றி விழுங்க வேண்டாம், காரணம் இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு துடிக்கவும் வேண்டாம். நான்கு இரவு தூங்காத கர்ப்பிணிக்கு வலி நிவாரணம் தேவைதான்.

ஆனால் பாராசிட்டமால் வலியைத்தான் குறைக்கும். கன்னம் வீங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். சொத்தை பல்லின் நரம்பைத் தாண்டி வேர் நுனிக்குப் போய்ச் சீழ் பிடித்திருக்க வேண்டும். இங்கேதான் ‘ஆன்டிபயாடிக் கொடுத்துப் பிரசவம் வரை ஓட்டிவிடலாம்’ என்ற யோசனை எல்லோருக்கும் வருகிறது. பல் மருத்துவர்கள் சிலருக்கும் வருகிறது, அதுதான் எனக்கு வருத்தம். நரம்பு செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்? சுற்றியுள்ள வீக்கம் ஐந்து நாள் அடங்கும், மாத்திரை முடிந்ததும் திரும்ப வரும். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் எத்தனை செட்? பல்லைத் திறந்து சீழை வெளியேற்றி வேர் சிகிச்சை செய்வது, அல்லது பல்லையே எடுத்துவிடுவது, இரண்டில் ஒன்றுதான் வைத்தியம். வீக்கம் பரவினால், காய்ச்சல் இருந்தால், ஆன்டிபயாடிக் அதற்குத் துணை.

அந்தத் துணைக்கு அமாக்சிசிலின் நல்ல மருந்து. பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகள் சாப்பிட்டுவரும் மருந்து. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு அசித்ரோமைசினோ கிளிண்டாமைசினோ இருக்கிறது. எரித்ரோமைசினில் எஸ்டோலேட் என்ற வகையை மட்டும் கர்ப்பிணிக்குத் தரக் கூடாது, தாயின் கல்லீரலைப் பாதிக்கும். மெட்ரோனிடசோலை முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பது பழைய வழக்கம். குறைபாடு ஏற்படுத்தியதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்றாலும் நானும் முதல் மூன்று மாதத்தில் தேவையில்லாமல் எழுதுவதில்லை. உங்கள் தங்கை இருக்கும் மாதத்தில், தேவையென்றால் தரலாம். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் கலந்த மாத்திரையில் ஒரு நுட்பம் உண்டு. குறைமாதத்திலேயே பனிக்குடம் உடைந்த பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் குடல் அழுகும் ஒரு கொடிய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அதனால் குறைமாதப் பிரசவ அபாயம் இருக்கிறது என்று மகப்பேறு மருத்துவர் சொல்லியிருந்தால், நான் அந்தக் கலவையை எழுதாமல் தனி அமாக்சிசிலினையே எழுதுவேன்.

ஆகாதவை இரண்டு. டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின் குடும்பம் முதலாவது. குழந்தையின் பால்பற்கள் கருவில் நான்காம் மாதமே சுண்ணாம்பு பிடிக்கத் தொடங்கிவிடுகின்றன. டெட்ராசைக்ளின் சுண்ணாம்போடு ஒட்டிக்கொள்ளும் மருந்து. ஒட்டியது ஒட்டியதுதான், பல் முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக முளைக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் கறை மேலே இல்லை, பல்லின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது, சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்லாக்ஸசின் குடும்பம். விலங்குகளில் குருத்தெலும்பைப் பாதித்ததால், வேறு வழி இருக்கும்போது கர்ப்பிணிக்கு இதைத் தருவதில்லை. பல்லுக்கு வேறு வழி எப்போதும் இருக்கிறது. இருந்தும் நம் கடைகளில் பல்வலி செட்டில் ஆஃப்லாக்ஸசின் தவறாமல் இடம்பிடிக்கிறது. வீக்கத்துக்கென்று சேர்க்கும் செராஷியோபெப்டிடேஸ், டிரிப்சின் போன்றவற்றுக்கு உறுதியான பலன் நிரூபிக்கப்படவில்லை. கர்ப்பிணி விழுங்கும் பட்டியலில் அவை எதற்கு?

இனி உங்கள் தங்கையின் மாமியார் பயப்படும் ஊசிக்கு வருகிறேன். அவருடைய பயத்தை நான் தள்ளிப் பேச மாட்டேன். அதற்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. தாலிடோமைடு என்ற மருந்து 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கும் தூக்கத்துக்கும் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். கையும் காலும் வளராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்த பிறகு 1961 நவம்பரில்தான் திரும்பப் பெற்றார்கள். அன்றிலிருந்து கர்ப்பிணிக்கு மருந்து என்றாலே உலகம் முழுக்க நடுங்குகிறது, நடுங்கியதில் தவறில்லை. ஆனால் அந்த நடுக்கத்தின் விளைவாகக் கர்ப்பிணிகளை மருந்து ஆய்வுகளில் சேர்ப்பதே அருகிப்போனது. ‘கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்படவில்லை’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை ‘ஆபத்து’ என்று படிக்கப் பழகிவிட்டோம். இரண்டும் வேறு வேறு. இணையத்தில் ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று மருந்துகளுக்கு எழுத்து போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1979இல் வந்த அந்த முறையை, மதிப்பெண் பட்டியல் போலப் படித்து மக்கள் குழம்புகிறார்கள் என்று அமெரிக்காவிலேயே 2015 முதல் கைவிட்டுவிட்டார்கள்.

பல்லுக்குப் போடும் மரத்துப்போகும் ஊசியில் இருப்பது லிக்னோகெய்ன், கூடவே துளியளவு அட்ரினலின். வழக்கமான 2 மில்லியில் அட்ரினலின் 25 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை 40,000 பங்காக்கினால் ஒரு பங்கு. அது இல்லாவிட்டால் லிக்னோகெய்ன் ரத்தத்தில் சீக்கிரம் கலந்துவிடும், மரப்பும் பாதியில் தெளிந்துவிடும். பாதியில் தெளிந்தால் வலியில் உடம்பு தானே சுரக்கும் அட்ரினலின் இதைவிடப் பன்மடங்கு. இஸ்ரேலில் பல் சிகிச்சைக்காக இந்த வகை ஊசி போட்டுக்கொண்ட 210 கர்ப்பிணிகளையும் போடாத 794 கர்ப்பிணிகளையும் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்டார்கள். பெரிய பிறவிக் குறைபாடுகளின் விகிதத்தில் கணக்கில் எடுக்கும்படியான வித்தியாசம் இல்லை. எங்களிடமும் கவனம் வேண்டும். ஊசியைச் செலுத்தும் முன் லேசாக இழுத்துப் பார்த்து, ரத்தக்குழாய்க்குள் முனை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மெதுவாகச் செலுத்த வேண்டும். ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் கர்ப்பிணிக்கு அளவைக் குறைக்க வேண்டும். பிரிலோகெய்னோடு ஃபெலிப்ரெசின் கலந்த ஊசி மட்டும் வேண்டாம். ஃபெலிப்ரெசின் அமைப்பில் பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினுக்கு உறவு.

எட்டாம் மாதத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேனே, அவருக்கு மறுநாள் காலை பல் பார்த்தேன். நாற்காலியைப் பாதிதான் சாய்த்தேன். ஒரு துண்டைச் சுருட்டி வலப்பக்க இடுப்புக்குக் கீழே வைத்து, உடம்பு இடப்பக்கம் சற்றுச் சரியும்படி படுக்கவைத்தேன். நிமிர்ந்து மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து வியர்த்து மயக்கம் வரும். கர்ப்பிணிகளுக்குப் பல் மருத்துவமனையில் ‘ஊசி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லப்படும் மயக்கங்களில் சில, படுக்கவைத்த விதத்தால் வந்தவை என்பது என் அனுபவம். உதடு மரத்ததும் பல்லைத் திறந்தேன். உள்ளே அடைபட்டிருந்த சீழ் ஒரு சொட்டாக எழும்பி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். நடுவில் கையை உயர்த்தினார். வலிக்கிறதா என்று நிறுத்தினேன். வயிற்றைக் காட்டி, “உதைக்கிறான் டாக்டர்” என்று ஒரு பக்கம் மரத்த வாயால் சொன்னார். இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அன்று இரவு ஒரே ஒரு பாராசிட்டமாலோடு தூங்கிவிட்டதாக அவருடைய அம்மா மறுநாள் சொன்னார்.

எக்ஸ்ரேக்கும் இதே பயம்தான். ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்னப் படத்தின் கதிர் தாடையை நோக்கிப் போகிறது, வயிற்றை நோக்கி அல்ல. சிதறி வயிற்றை அடைவது மிக மிகக் குறைவு. கருவைப் பாதிக்கக்கூடும் என்று கருதப்படும் 50 மில்லிகிரே என்ற கதிர் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஈயக் கவசம்கூட அவசியமில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்கும் கர்ப்பிணிக்கு நான் போட்டுவிடுகிறேன், மனம் நிம்மதியாக இருக்கும். பல் எக்ஸ்ரேயும் பல் சிகிச்சையும் கர்ப்பகாலத்தில் பாதுகாப்பானவை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2013இலேயே எழுதி வைத்திருக்கிறது. பல் சுத்தம், ஈறு சிகிச்சைக்கும் அப்படித்தான். 823 கர்ப்பிணிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஈறு சிகிச்சையால் தாய்க்கோ குழந்தைக்கோ கேடு வரவில்லை. குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் பலிக்கவில்லை. ‘ஈறைச் சுத்தம் செய்தால் குறைப்பிரசவம் ஆகாது’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

எப்போது செய்வது நல்லது என்றால், அவசரமில்லாத வேலைகளுக்கு நான்கு முதல் ஆறு மாதம் வசதியான காலம். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 5 முதல் 10 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகள் உருவாகிவிடுகின்றன. அந்த வாரங்களில் மருந்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. கடைசி மாதங்களில் உட்கார்ந்திருப்பதே சிரமம். ஆனால் சீழுக்கு நாள் பார்க்கக் கூடாது. கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியில், கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாயையே நெருக்கிவிடும். அந்த நிலையில் கழுத்தைக் கீறி, செயற்கைச் சுவாசம் வைத்து, தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டியிருக்கும். ஒரு ஊசிக்குப் பயந்து ஒத்திவைத்தால், பத்து ஊசியும் முழு மயக்கமும் பிறகு வந்து சேரும். மாமியாரிடம் இதைத்தான் நான் சொல்லுவேன்: “அம்மா, நீங்கள் கவலைப்படுவது பிள்ளைக்காகத்தானே, பிள்ளைக்குக் கேடு அந்தச் சீழால்தான் வரும்.”

பல் மருத்துவரிடம் போகும்போது கர்ப்பிணி அட்டையைக் கொண்டுபோங்கள். அவர் ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளைச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் இருக்கிறதா, முன்பு கரு தங்காததால் தினமும் வயிற்றில் ஹெப்பரின் வகை ஊசி போடுகிறார்களா என்பது மிக முக்கியம், பல்லை எடுத்தால் ரத்தம் நிற்கத் தாமதமாகலாம். அந்த ஊசியை எப்போது போட்டது, எப்போது இடைவெளி விடலாம் என்பதை இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்வார்கள். சர்க்கரை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சீழ் இருக்கும்வரை சர்க்கரை அடங்காது.

வீட்டு வைத்தியத்தில் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் கொப்பளிப்பது நல்லது, எத்தனை முறை வேண்டுமானாலும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு நனைத்துக் குழிக்குள் வைக்கலாம். ஈறில் ஊற்றினால் வெந்துபோகும், விழுங்கவும் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் அழுத்தி வைப்பதை அடியோடு மறந்துவிடுங்கள். பழுப்பு நிறத்தில் இருக்கும் பொவிடோன் அயோடின் கொப்பளிப்பு மருந்து, பீட்டாடின் என்று கேட்டு வாங்குவது, பல வீடுகளில் நிரந்தரமாக இருக்கிறது. கர்ப்பிணியும் பால் கொடுப்பவரும் அதைத் தினமும் பயன்படுத்த வேண்டாம். வாயின் உட்தோல் வழியே அயோடின் உறிஞ்சப்பட்டுக் குழந்தையின் தைராய்டைத் தொந்தரவு செய்யக்கூடும். தேவையென்றால் குளோரெக்சிடின் கொப்பளிக்கலாம்.

மூன்றாவது கேள்வி தாய்ப்பால். இங்கே நடக்கும் தவறு எதிர்த்திசையில் இருக்கிறது. கர்ப்பத்தில் கேட்காமல் மாத்திரை கொடுக்கும் அதே வீடு, பிள்ளை பிறந்த பிறகு ஒரு அமாக்சிசிலினுக்காக ஐந்து நாள் பாலை நிறுத்திப் புட்டிப்பால் கொடுத்துவிடுகிறது. ஐந்து நாளில் குழந்தைக்குப் புட்டி பழகிவிடும், தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும், பிறகு சுரப்பே குறைந்துவிடும். அதனால் இழப்பது, அந்த மாத்திரையால் குழந்தைக்கு வரக்கூடியதைவிடப் பெரியது. ஒரு தாய் ஆறு வாரக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் பல் எடுக்க வந்தார். இரண்டு மணி நேரத்தில் சேலையின் மார்புப் பகுதி நனைந்துவிட்டது. ஊசி போட்டதால் நாளை மாலை வரை பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி, உதடு மரத்திருக்கும்போதே பக்கத்து அறையில் பால் கொடுக்க வைத்தேன். லிக்னோகெய்ன் பாலில் வருவது சொற்பம். வந்ததும் குழந்தையின் வயிற்றிலிருந்து ரத்தத்துக்குச் சரியாகப் போவதில்லை.

கர்ப்பத்தில் ஆகாத மருந்து பால் கொடுக்கும்போதும் ஆகாது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொப்புள்கொடி வழியே போவது வேறு, பால் வழியே போவது வேறு. 26 வாரத்தில் நான் தடுத்த இபுபுரூஃபன், பால் கொடுக்கும் தாய்க்கு நல்ல வலி மாத்திரை. தாயின் எடைக்கேற்ற அளவோடு ஒப்பிட்டால் குழந்தைக்குப் பாலில் போவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தாய்க்கு வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இல்லை என்றால் போதும். பாராசிட்டமால் எப்போதும் போல. அமாக்சிசிலின் பாலில் சொற்பமாக வரும். குழந்தைக்கு வயிறு கொஞ்சம் இளகலாம், வாயில் வெள்ளை படியலாம், கவனித்தால் போதும். மெட்ரோனிடசோல் சற்றுக் கூடுதலாகப் பாலில் வரும், பால் லேசாகக் கசக்கும். 400 மில்லிகிராம் மூன்று வேளை என்ற வழக்கமான அளவில் பாலை நிறுத்தத் தேவையில்லை. 2 கிராமை ஒரே வேளையில் கொடுத்தால்தான் 12 முதல் 24 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தை என்றால் இது எல்லாவற்றையும் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

பால் கொடுப்பவர்கள் கண்டிப்பாக ஒதுக்க வேண்டியது கோடீனும் டிரமடாலும். டிரமடாலைப் பல்வலிக்குப் பாராசிட்டமாலோடு கலந்தே எழுதுகிறார்கள். சிலருடைய கல்லீரல் இவற்றை வழக்கத்தைவிட வேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடும். யாருடையது அப்படி என்று வெளியே தெரியாது. அது பாலில் போனால் குழந்தை அளவுக்கு மீறித் தூங்கும், பால் குடிக்காது, மூச்சு தளரும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017 ஏப்ரலில் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இவை இரண்டும் வேண்டாம் என்று எச்சரித்தது. வலி மாத்திரையாக ஆஸ்பிரினும் வேண்டாம்.

நேரம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எளிய வழி, பால் கொடுத்து முடித்த உடனே மாத்திரையை விழுங்குவது. அடுத்த வேளைக்குள் ரத்தத்தில் அளவு இறங்கத் தொடங்கிவிடும். பிறந்து சில நாட்களே ஆன குழந்தை மணிக்கொரு முறை குடிக்கும், அப்போது இந்தக் கணக்குப் பார்த்துத் தாய் தவிக்க வேண்டாம். பத்தியக் காலத்தில் பல் தேய்க்காமல், வெறும் வாய் கொப்பளித்து விடுவதும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாராளமாகத் தேய்க்கலாம்.

உங்கள் தங்கைக்கு இன்று செய்ய வேண்டியது: ஒரு பாராசிட்டமால் கொடுங்கள். மகப்பேறு மருத்துவருக்குப் பேசி விவரம் சொல்லுங்கள். அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் தயங்கும் பல் மருத்துவருக்கும் தைரியம் வரும். ஒருவர் பிரசவத்துக்குப் பிறகு வரச் சொன்னால் இன்னொருவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலோ பல் மருத்துவக் கல்லூரியிலோ பார்க்கலாம். சாப்பிட்டுவிட்டுக் காலை நேரமாகப் போவது நல்லது. இதற்கிடையில் வாய் திறக்க முடியாமல் போனால், எச்சில் விழுங்க வலித்தால், நாக்குக்கு அடியிலோ தாடைக்குக் கீழோ கெட்டியாக வீங்கினால், குளிர்காய்ச்சல் வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து, மகப்பேறும் அறுவைப் பிரிவும் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எங்கே போனாலும் அந்தக் காகித உறையையும் மிச்ச மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் இப்போதே கேட்டு, ஒவ்வொன்றின் பெயரையும் உறையின் மேலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.